கையால் கட்டும் தண்டவாளம்: மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு ஒரு நரோ கேஜ் பாதை

மாங்குளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பின்னறையில் ஒரு மாதிரி ரயில்பாதை கட்டத் தொடங்கியிருக்கிறேன். நரோ கேஜ், அதாவது அகலம் குறைந்த பாதை. தண்டவாளம், ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பொயின்ட், எல்லாம் கையால் செய்வது. வன்னியில் வேறு யாராவது இந்த வேலையில் கை வைத்திருந்தால் சேர்ந்து பேசலாம் என்றுதான் இந்த இழையைத் திறக்கிறேன்.

கதை இதுதான். வடக்குப் பாதை 1905இல் முழுதாகத் திறந்தபோது மாங்குளத்துக்கு ரயில் கிடைத்தது. ஆனால் முல்லைத்தீவுப் பக்கம் ரயில் போனதே இல்லை. ஏ34 வீதி மட்டும்தான், ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அந்த வீதியோரமாக 762 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சின்னப் பாதை ஓடியிருந்தால்? ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையின் ஓடும் செங்கல்லும், காட்டு முதிரை, பாலை மரங்களும், முத்தையன்கட்டுப் பக்கத்து நெல்லும் மாங்குளம் வந்து பெரிய ரயிலுக்கு மாறும். கற்பனைதான். ஆனால் அடியில்லாத கற்பனை அல்ல. இதே அகலத்தில்தான் களனிவெளிப் பாதை கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி என்று ஓடியது. நானுஓயாவிலிருந்து ராகலைக்கு மலையேறியதும் இதே அகலம். மலைக்கும் றப்பர்த் தோட்டத்துக்கும் கிடைத்தது நெல்லுக்கும் ஓட்டுக்கும் கிடைத்திருக்கலாம்தானே.

அளவு 1:87, பாதையின் அகலம் 9 மில்லிமீற்றர். ஒரு பிளைவுட் தாளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்ததில் ஒரு பாதி, 8 அடிக்கு 2 அடி. 50 கிலோமீற்றரை 87ஆல் வகுத்தால் 575 மீற்றர் வருகிறது. ஆகவே மூன்று இடங்கள் மட்டும்: மாங்குளம் ஸ்ரேசன் முற்றம், முத்தையன்கட்டு வாய்க்கால் மேல் ஒரு சிறு பாலம், ஒட்டுசுட்டான் தொழிற்சாலை வாசல்.

பரந்தன் பொடியன்

அண்ணா, ஊட்டி ரயில் மாதிரியா? தண்டவாளம் கடையில் ரெடிமேட்டாக வரும்தானே, ஏன் கையால்?

மாங்குளத்தான்

ஊட்டி மீற்றர் கேஜ், தம்பி. 1000 மில்லிமீற்றர், நடுவில் பல்தண்டவாளமும் உண்டு. டார்ஜிலிங் 610. நம்முடையது இரண்டுக்கும் இடையில்.

ஏன் கையால் என்பதுதான் முக்கியமான கேள்வி. 9 மில்லிமீற்றர் பாதை வெளிநாட்டில் தாராளமாக விற்கிறது, உண்மை. ஆனால் இலங்கையின் பெரிய பாதை 1676 மில்லிமீற்றர். 1:87இல் அது 19.3. கடையில் இந்த அளவுக்கு விற்பது 16.5, அது ஐரோப்பாவின் 1435ஐக் காட்டுவது. அதை மாங்குளத்தில் போட்டு மேலே யாழ்தேவி நிறத்தில் பெட்டி வைத்தாலும், எங்கள் ரயிலில் ஏறிப் பழகியவர் கண்ணுக்கு ஏதோ ஒடுங்கிக் கிடப்பது தெரிந்துவிடும். எங்கள் பாதையை எவரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. வேண்டுமென்றால் நாமே கட்டத்தான் வேண்டும். பெரியதைக் கையால் கட்டத்தான் போகிறோம் என்றானபின் சின்னதையும் கட்டிப் பழகுவதே சரி.

ரொறன்ரோ முறிகண்டி

வணக்கம் அண்ணை. நான் இங்கே பல காலமாக ரெடிமேட் பாதையில்தான் ஓடுகிறேன். உங்கள் வாதம் விளங்குகிறது, ஆனால் முதலில் ஏதாவது ஓடட்டும் என்பது என் கட்சி. பாதை கட்டிக் கட்டியே அலுத்து, ஒரு ரயிலும் ஓடாமல் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தவர்களை இங்கே கழகங்களில் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் அவசரம்.

இன்னொன்று. எப்படியும் கையால்தான் என்றால் ஏன் 1:87? 1:76க்குப் போங்கள். அதில் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். 762 என்பது இரண்டரை அடி, அப்படியென்றால் சரியாக 10 மில்லிமீற்றர். எங்கள் பெரிய பாதை ஐந்தரை அடி, சரியாக 22. இரண்டும் முழு எண். கையால் கட்டுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாங்குளத்தான்

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 மில்லிமீற்றர் பாதையில் ஓட எஞ்சின் எங்கே? கைக்கு அகப்படும் சின்ன எஞ்சின் அடிப்பாகங்கள் எல்லாம் 9 மில்லிமீற்றருக்கானவை. 10க்கு மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வோர் அச்சையும் நீட்ட வேண்டும், பல்லுச்சில்லும் கரண்ட் எடுக்கும் தகடும் இடம் மாறும். மாற்றாமல் 1:76இல் 9ஐயே போட்டால் அது 686 மில்லிமீற்றர் பாதை ஆகிவிடுகிறது, களனிவெளி அல்ல. 1:87இல் 9 என்பது 784. அசலுக்கும் அதற்கும் வித்தியாசம் 22 மில்லிமீற்றர், மாதிரியில் கால் மில்லிமீற்றர். அதை எந்தக் கண்ணும் பிடிக்காது.

ரொறன்ரோ முறிகண்டி

சரி, எஞ்சின் விடயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்.

கனகராயன்

தம்பிமார் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா வடக்குப் பாதையில் லைன் கேங்கில் வேலை செய்தவர். நான் பொடியனாக அவர் பின்னால், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளில் கால் மாற்றி மாற்றி நடந்தவன். மாதிரி செய்யும் முறை எனக்குத் தெரியாது, அசல் பாதை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும்.

மரச் சிலிப்பர் போட்ட பாதை, அதுவும் கிளைப்பாதை, ஒருநாளும் கோடு கிழித்த மாதிரி இராது. ஒரு கட்டை கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று பிளந்திருக்கும். பழசுக்கு நடுவே மாற்றிய புதுக்கட்டை நிறம் வேறாகத் தெரியும். தண்டவாள மூட்டு வரும் இடத்தில் கட்டைகள் நெருங்கி நிற்கும். மூட்டில் கொஞ்சம் பதிவு இருக்கும், ரயில் அந்த இடத்தில்தான் தலையாட்டும். இப்போது ஓமந்தைக்கு வடக்கே போட்டிருப்பது கொங்கிரீட் சிலிப்பர், இயந்திரம் போட்ட ஒழுங்கு. அதைப் பார்த்துப் பழைய பாதையைச் செய்யாதீர்கள்.

தம்பி பரந்தன், உங்கள் வயதுக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990 யூனில் ரயில் நின்றது. அதற்குப்பிறகு கிளிநொச்சிக்கு ரயில் வந்தது 2013 செப்ரெம்பரில். இடையில் தண்டவாளமும் சிலிப்பரும் பங்கர்களுக்குப் போயின. எங்கள் பங்கருக்கு மேலும் தண்டவாளத் துண்டுகள் கிடந்தன, அதன்மேல் மண்மூட்டை. அப்பா அதற்குள் இருந்துகொண்டு அந்த இரும்பின் எடை எத்தனை இறாத்தல் என்று எங்களுக்குச் சொல்லுவார். ஆகவே ஒரு பாதையை ஒவ்வொரு கட்டையாக வைத்து யாரோ மாங்குளத்தில் கட்டுகிறார்கள் என்றால் எனக்கு அது பெரிய விடயம். கட்டுங்கள்.

மாங்குளத்தான்

ஐயா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. மூட்டுக்குக் கட்டை நெருக்கும் விடயத்தை நேற்றிரவே வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். 30 அடித் தண்டவாளம் என்று வைத்தால் 1:87இல் 105 மில்லிமீற்றர். அந்த இடைவெளியில் தண்டவாளத் தலையில் மெல்லிய அரத்தால் ஒரு கீறல் போட்டால் சில்லு ஏறும்போது சத்தமும் வருகிறது. கீறல் தலையின் மேற்புறத்தில் மட்டும்தான், உட்பக்கத்தில் பட்டால் சில்லு இடறும்.

முள்ளியவளை

ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணா, நான் நிலம், மரம், வீடு செய்யும் ஆள், ரயில் தெரியாது. கேள்வி: பாதைக்கு அடியில் கொட்டும் சல்லிக்கல்லுக்கு என்ன போடுகிறீர்கள்? மாதிரிச் சல்லி என்று விற்பது எல்லாம் சாம்பல் கருங்கல். ஒட்டுசுட்டான் பாதை கிரவல் மேல்தானே கிடந்திருக்கும்?

மாங்குளத்தான்

கிரவல்தான் அக்கா, நம் வீதியோரத்துக் கிரவலே. இடித்து, அரிதட்டில் அரித்து, பிறகு தேத்தண்ணி வடியில் இன்னொருமுறை அரித்து, இடைப்பட்ட பருமனை மட்டும் எடுக்கிறேன். தாச்சியில் போட்டு நன்றாக வறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சியும் பூஞ்சணமும் வரும்.

வறுத்தது ஆறியபின் கட்டாயம் காந்தம் ஓட்டுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கடதாசியில் சுற்றி, பரப்பிய கிரவலுக்கு மேல் மெல்ல இழுத்தால், கடதாசியின் அடியில் கறுப்பாக ஒரு மயிர் முளைக்கும். அத்தனையும் இரும்புத் துகள். எங்கள் கிரவலில் இரும்பு நிறைய. அது பாதையில் கிடந்தால் எஞ்சின் மோட்டருக்குள் இருக்கும் காந்தம் அதை மேலே இழுத்துக்கொள்ளும். காந்தத்தில் ஒன்றுமே ஒட்டாத வரைக்கும் ஓட்ட வேண்டும்.

முள்ளியவளை

அருமை. புல்லுக்குத் தென்னந்தும்பைப் பொடியாக நறுக்கிச் சாயம் போட்டுப் பாருங்கள், கச்சான் காற்றுக் காலத்துக் காய்ந்த புல் அச்சொட்டாக வரும். மாரிப் பச்சை வேண்டுமென்றால் அது சரிவராது, தும்பின் மண்ணிறம் உள்ளிருந்து தெரியும்.

பரந்தன் பொடியன்

அண்ணா, தண்டவாளம் செய்வதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். சைக்கிள் கம்பியைத் தண்டவாளமாகப் போடலாமா? மாதிரித் தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வர் உலோகத்தை வெளிநாட்டிலிருந்து எடுக்க எனக்கு வசதி இல்லை.

மாங்குளத்தான்

தம்பி, சைக்கிள் கம்பி 2 மில்லிமீற்றர் உருண்டை. 1:87இல் அது 17 சென்ரிமீற்றர் உயரத் தண்டவாளம், நரோ கேஜுக்கு மிகப் பாரம். தலை உருண்டையாக இருப்பதால் சில்லு உட்காரும் இடமும் சரியாக அமையாது. ஸ்ரெயின்லெஸ் என்றால் ஈயமும் லேசில் பிடிக்காது. ஆனால் பழகுவதற்கு ஏதாவது கம்பி நல்லதுதான். வீட்டு வயரிங் வெட்டுத்துண்டில் உள்ள செப்புக் கம்பியை நேராக்கி முதலில் அதில் பற்றவைத்துப் பாருங்கள். கை பழகியபின் தண்டவாளம் வாங்கலாம். நான் வைத்திருப்பது கோட் 55, உயரம் 1.4 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் துண்டு ஒன்றை உங்களுக்குத் தருகிறேன், மாங்குளம் வரும்போது வாருங்கள்.

செய்முறை இப்படி. டெம்ப்ளொட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தப் பாதை அகலத்தைக் கொடுத்தாலும் பொயின்ட் உட்பட மாதிரியின் அளவிலேயே வரைந்து தரும். அச்செடுத்தபின் அடிமட்டம் வைத்துச் சரிபாருங்கள், சில பிரின்டர்கள் தாளுக்கு அடங்கச் சுருக்கிவிடும். அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி அதன்மேலேயே கட்டுவது.

சிலிப்பர் இரண்டு வகை. ஐந்துக்கு ஒன்று செப்பு பூசிய பிசிபி போர்ட்டில் (மின்சுற்றுப் பலகையில்) வெட்டிய கீலம். 17.5 மில்லிமீற்றர் நீளம், 2 அகலம். மற்ற நான்கும் ஐஸ்கிரீம் தடியைச் சீவியது. தடி தடிப்பாக இருந்தால் பிசிபி மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் தண்டவாளம் அலையடிக்கும். பிசிபி கீலத்தின் நடுவில் முக்கோண அரத்தால் செப்பைக் குறுக்கே அறுத்துவிடுங்கள். அறுக்காவிட்டால் இரண்டு தண்டவாளமும் செப்பு வழியாகச் சேர்ந்து சோர்ட் ஆகும். அறுத்தது சரியா என்று கண்ணை நம்பாமல் மல்ரிமீற்றரில் சத்தம் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றையும் ஒட்டும் முன்பே பாருங்கள். சல்லி போட்டபின் தேடினால் பாதையை உரிக்க வேண்டிவரும்.

பிறகு பற்றவைப்பு. செப்பிலும் தண்டவாளத்தின் அடியிலும் முதலே மெல்லிதாக ஈயம் பூசிவிடுங்கள். ஈயம் பிடிக்க ஒரு துளி பிளக்ஸ், தண்டவாளத்தை இடத்தில் வைத்து, பற்றவைக்கும் அயனின் முனையை வெளிப்பக்கத்தில் ஒரு கணம் வைத்தால் இரண்டு ஈயமும் சேர்ந்து ஓடும். அந்த நேரம் மங்கல் நிறம் சட்டென்று மின்னும், அதுதான் அடையாளம். மின்னியவுடன் அயனை எடுத்து, இறுகும்வரை தண்டவாளத்தை அசைக்காமல் பிடிக்க வேண்டும். உட்பக்கத்தில் ஈயம் வழியக்கூடாது, சில்லின் விளிம்பு அதில் ஏறும். தகர வேலை செய்பவர்கள் பாவிக்கும் அமில ஸ்பிரிட்டை இதற்குப் பாவித்தால் அன்றே அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் பல்துலக்கும் பிரஷால் கழுவிவிடுங்கள். விட்டால் நம் மாரி ஈரத்தில் பச்சை பூத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னும்.

ஒரு பக்கத் தண்டவாளத்தை முழுதாகப் பொருத்தியபின் மறுபக்கம். அதற்குத்தான் இரண்டுக்கும் இடையிலான அகலத்தைப் பிடித்துவைக்கும் கேஜ் கட்டை வேண்டும். லேத்தில் கடைந்தது இருந்தால் நல்லது.

வவுனியா லேத்

கூப்பிட்டீர்களா? வவுனியாவில் பட்டறை வைத்திருக்கிறேன், இந்த இழையை மச்சான் அனுப்பினார். கேஜ் கட்டை பித்தளையில் கடையவா? மின்னலாக இருக்கும்.

மாங்குளத்தான்

பித்தளை வேண்டாம் அண்ணை. பித்தளையில் ஈயம் பிடிக்கும், கட்டை பாதையோடு சேர்ந்து ஒட்டிவிடும். அலுமினியம் நல்லது, அதில் ஈயம் ஒட்டாது.

வவுனியா லேத்

சரி, அலுமினியம். அளவு அனுப்புங்கள்.

ரொறன்ரோ முறிகண்டி

ஈரம் பற்றிச் சொன்னீர்கள். அதுதான் என் அடுத்த கவலை. இங்கே நிலவறையில் ஈரத்தையும் சூட்டையும் ஒரே அளவில் வைத்திருக்கிறோம். வன்னி மாரிக்கும் கச்சான் வெயிலுக்கும் நடுவில் பிளைவுட் என்ன பாடுபடும்?

மாங்குளத்தான்

தண்டவாளத்தின் விரிவைவிட மரத்தின் ஊதல்தான் பயம். நிக்கல் சில்வர் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை சூட்டுக்கு ஏறக்குறைய 0.017 மில்லிமீற்றர் விரியும். என் பலகை 2.4 மீற்றர். விடியலுக்கும் மத்தியானத்துக்கும் 15 பாகை என்றாலும் 0.6 மில்லிமீற்றர்தான். நடுவில் இரண்டு இடத்தில் மெல்லிய இடைவெளி விட்டால் முடிந்தது. மரம் அப்படி அல்ல. அதனால் பிளைவுட்டுக்கு மேல், கீழ், விளிம்பு என்று எல்லாப் பக்கமும் எனாமல் பூச்சு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் ஈரம் குடித்து வளையும். சட்டம் இரும்புப் பொக்ஸ் பார், அது கறையானுக்காகவும். கால்கள் நான்கும் கழிவு ஒயில் ஊற்றிய ரின்களில் நிற்கின்றன. மேட்டுக்கு ரிஜிபோம்.

கனகராயன்

பொயின்ட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கேங்கில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். நேர்ப்பாதையில் ஒரு கட்டை பிசகினால் ரயில் ஆடும். பொயின்ட்டில் பிசகினால் விழும்.

மாங்குளத்தான்

மாதிரியிலும் அதேதான் ஐயா. மூன்று பொயின்ட் வருகிறது, எல்லாம் 1க்கு 6, அதாவது ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகும் கோணம். இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டும் வி முனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். இரண்டு துண்டையும் சரிவாக அராவி, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பற்றவைத்து, வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தபின்தான் மற்றதெல்லாம். மற்றத் தண்டவாளங்கள் அந்த முனையிலிருந்து அளந்து வருபவை. முனையின் இரு பக்கமும் சில்லின் விளிம்பு போக விடும் இடைவெளியை 0.9 மில்லிமீற்றரில் வைக்கிறேன். அதற்கு மோட்டர்சைக்கிள் மெக்கானிக் டப்பட் பார்க்கும் பீலர் கேஜ் இருக்கிறதே, அதன் தகடுகளை 0.9க்குச் சேர்த்து நடுவில் செருகிவைத்துப் பற்றவைப்பது. மெக்கானிக் கடைச் சாமானில் இவ்வளவு நுட்பமானது வேறில்லை.

பொயின்ட்டில் பக்கம் மாறி நகரும் நாக்குத் தண்டவாளங்கள் இரண்டும் கூர்மையாக அராவியவை. பிரதான தண்டவாளத்தோடு சேரும் இடத்தில் விரல் நுனியால் தடவினால் தடக்கக்கூடாது. கண் ஏமாறும், விரல் ஏமாறாது. வி முனைக்குக் கரண்டை ஒரு மைக்ரோ சுவிட்ச் மாற்றித்தர வேண்டும். பிளாஸ்ரிக் முனை போட்டால் நான்கு சில்லுச் சின்ன எஞ்சின் அதன்மேல் கரண்ட் இல்லாமல் நின்றுவிடும்.

பரந்தன் பொடியன்

வளைவு எவ்வளவு வைக்கலாம் அண்ணா?

மாங்குளத்தான்

கடையில் வரும் 9 மில்லிமீற்றர் பாதையில் ஒரு சிறிய வளைவு 9 அங்குல ஆரை. சின்ன எஞ்சின் அதில் ஓடும். நான் தொழிற்சாலை வாசலில் மட்டும் 10 அங்குலம், மற்ற இடங்களில் 15க்குக் குறையாது. இறுக்கமான வளைவில் பாதையை 9.2க்கு விரிக்க வேண்டும், அச்சு நீண்ட எஞ்சின் திமிராமல் போகும்.

முள்ளியவளை

ஒன்று கேட்கலாமா? மாங்குளம் ஸ்ரேசன் எந்தக் காலம்? ஐயா சொன்ன பங்கர், மண்மூட்டை, அதெல்லாம் பலகையில் வருமா?

மாங்குளத்தான்

யோசித்துத்தான் முடிவெடுத்தேன் அக்கா. 1980க்கு முந்திய காலம். போர் வருடங்களைப் பற்றிப் பேச வேறு இடங்கள் உண்டு, பேச வேண்டும். இந்தப் பலகையில் மரச் சிலிப்பர் அதன் இடத்திலேயே கிடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஸ்ரேசன் மாஸ்டர், ரயில் அடுத்த ஸ்ரேசனுக்குப் போக அனுமதியாகச் சாரதிக்குக் கொடுக்கும் டேப்லட் வளையத்தோடு மேடையில் நிற்கலாம். அவரை நீங்கள் செய்து தந்தால் சந்தோசம்.

கனகராயன்

அது சரியான முடிவு.

முள்ளியவளை

செய்து தருகிறேன். 1:87இல் ஆள் 19, 20 மில்லிமீற்றர் வருவார். வெள்ளைக் காற்சட்டை, தொப்பி. ஐயா, தொப்பி எந்த வடிவம் என்று எனக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்.

ரொறன்ரோ முறிகண்டி

நான் தோற்றேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள், சந்தோசமாக. இங்கிருந்து கோட் 75 நிக்கல் சில்வர் ஒரு கட்டு அனுப்புகிறேன், உங்கள் 19.3 பெரிய பாதைக்கு. பெரிய பாதையில் ரயில் ஓடுமா?

மாங்குளத்தான்

மிக்க நன்றி அண்ணை. ஓடாது. பின்பக்கம் ஒரு சைடிங், அதாவது ஒதுக்குப் பாதை, அதில் ஒரு சரக்குப் பெட்டி நிற்கும், அச்சை நீட்டி அகலப்படுத்தியது. நரோ கேஜ் அதன் பக்கத்தில் வந்து நின்று ஓடு மாற்றும். இரண்டு அகலமும் அருகருகே கிடந்தால்தான் சின்னது எவ்வளவு சின்னது என்று தெரியும்.

வவுனியா அண்ணைக்கு அளவுகள். அலுமினிய உருளை, விட்டம் 12 மில்லிமீற்றர். தண்டவாளத் தலை உட்காரும் இரண்டு காடி, ஆழம் 0.6. காடிகளுக்கு நடுவில் உள்ள பகுதிதான் கேஜ். நேர்ப்பாதைக்கு 9.00 ஆக மூன்று, வளைவுக்கு 9.20 ஆக இரண்டு, பெரிய பாதைக்கு 19.25 ஆக இரண்டு. காடியின் அகலத்தை நான் எண்ணாகத் தரவில்லை. கோட் 55 துண்டு ஒன்றைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், அதன் தலையை வேர்னியரில் அளந்து 0.05 கூட வையுங்கள். கோட் 75 ரொறன்ரோவிலிருந்து வந்ததும் பெரியதற்கு அதேபோல.

வவுனியா லேத்

துண்டு வந்ததும் தொடங்குகிறேன். 9.20க்கு ஒரு பக்கத்தில் சிவப்பு மை பூசிவிடுகிறேன், மாறாமல் இருக்கும். பரந்தன் தம்பிக்கும் 9.00இல் ஒன்று சேர்த்துக் கடைகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.